19 என்றால் பூஜ்யம், 20 என்றால் 50: மிலிட்டரிக்காரன் முதுகுக்கு யார் போட்ட கணக்கு இது?



வழக்கமா இந்தப் பக்கத்துல ஏரித் தண்ணி, சொர்ணவாரி நெல்லு, தர்பூசணி விலைன்னு எழுதிட்டு இருப்பேன். இன்னைக்கு மிலிட்டரி பென்ஷனைப் பத்தி எழுதப் போறேன். இவனுக்கு எதுக்கு இந்த வேலைன்னு நினைக்காதீங்க. திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல இருக்கற எங்க மாதிரி ஊர்கள்ல, பட்டாளத்துக்குப் போயிட்டு வந்தவன் மறுபடியும் நிலத்துக்குத்தான் வரான். அவன் தோளும் முதுகும் எந்த நிலைமையில திரும்பி வருதுங்கறது எங்க ஊர் விவசாயத்தோட சங்கதிதான்.

முதல்ல ஒரு கணக்கு. ஒரு ஜவான் சர்வீஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போகும்போது ராணுவ மெடிக்கல் போர்டு அவனைப் பார்க்குது. உடம்புல குறை இருந்தா அதுக்கு ஒரு சதவீதம் போடுது. அந்தக் குறை பணியால வந்ததுன்னோ, பணியால மோசமாச்சுன்னோ ஒத்துக்கிட்டு, 20 சதவீதம்னு எழுதிட்டா டிசெபிலிட்டி பென்ஷன் உண்டு. அதோட அந்த 20-ஐ 50-ஆக உயர்த்திக் கணக்குப் போடணும். 50-லிருந்து 75 வரைக்கும் இருந்தா 75, அதுக்கு மேல போனா 100. இது 1996-லிருந்து நடைமுறைக்கு வந்த விதி. முதல்ல உடம்பு முடியாம பாதியில அனுப்பப்பட்டவங்களுக்கு மட்டும்னு இருந்துச்சு. முழு சர்வீஸ் முடிச்சு வந்தவனுக்கும் உண்டுன்னு 2014 டிசம்பர்ல ராம் அவதார் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

சரி, 19-னு எழுதினா? ஒண்ணும் கிடையாது. சர்வீஸ் முடிச்சு வந்தவனுக்கு 20-க்குக் கீழே இருந்தா டிசெபிலிட்டி பென்ஷன் இல்லைன்னு 2019 டிசம்பர்ல ரத்தோர் வழக்குல அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆக, ஒரே ஒரு புள்ளி. அந்தப் பக்கம் போனா பாதி, இந்தப் பக்கம் வந்தா பூஜ்யம். ஒரு டாக்டர் பேனா நுனியில ஒரு குடும்பத்தோட ஆயுசுக்குமான பணம் நிக்குது.

என் தங்கச்சி வீட்டுக்காரர், எனக்கு மச்சான், 1991-ல பட்டாளத்துல சேர்ந்தார். 17 வருஷம் லாரி ஓட்டினார். முதல்ல சக்திமான், அப்புறம் நம்ம அசோக் லேலண்ட் கம்பெனியோட ஸ்டாலியன். காஷ்மீர் ரோடு, வடகிழக்கு ரோடு எல்லாம் அவர் முதுகுலதான் எழுதியிருக்கு. ஒரு முறை பனியில டயர் மாத்தும்போது வழுக்கி விழுந்து வலது தோள் கழண்டுச்சு. இழுத்துப் போட்டு அனுப்பினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ரேஷன் மூட்டை இறக்கும்போது மறுபடியும் கழண்டுச்சு. அதுக்கு நடுவுலேயே இடுப்புக்கு மேல தண்டுவடம் தேஞ்சு, இடது காலுக்கு வலி இறங்க ஆரம்பிச்சாச்சு. கடைசி ரெண்டு வருஷம் லோ மெடிக்கல் கேட்டகரி. 2008-ல வெளிய வந்தார்.

போர்டு எழுதின தாள்ல என்ன இருக்கு தெரியுமா? தோளுக்கு 6-லிருந்து 10. முதுகுக்கு 11-லிருந்து 14. ரெண்டையும் சேர்த்து 15-லிருந்து 19, ஆயுசுக்கும். பக்கத்துல, பணியால வந்ததும் இல்லை, பணியால மோசமானதும் இல்லைன்னு ஒரு வரி. முதுகு வலி பீஸ் ஏரியாவுல, அதாவது சண்டை இல்லாத இடத்துல இருக்கும்போது ஆரம்பிச்சதாம். அதனால ராணுவத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையாம். ரெண்டு கதவையும் ஒரே தாள்ல சாத்திட்டாங்க.

நான் பன்னிரண்டாவதோட நின்னவன். இந்தத் தாளெல்லாம் எனக்கு எப்படிப் புரியும்? மச்சானுக்காக வாதாடற வக்கீல் கொடுத்த தீர்ப்பு நகல்களை என் பொண்ணு ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து தமிழ்ல சொல்லிச்சு. கேட்கக் கேட்க எனக்குத்தான் தூக்கம் போச்சு. ஏன்னா விதி மச்சான் பக்கம் இருக்கு. விதி எப்பவுமே ஜவான் பக்கம்தான் இருந்திருக்கு.

1982-ல போட்ட விதிகள்தான் மச்சான் காலத்து ஆளுங்களுக்குப் பொதுவா அடிப்படை. அதுல ரெண்டு விஷயத்தை நீங்க ஞாபகம் வெச்சுக்கணும். ஒண்ணு, ஒருத்தன் சேரும்போது அவன் உடம்புல குறைன்னு எதுவும் எழுதலைன்னா, அவன் முழு ஆரோக்கியமா இருந்தான்னுதான் எடுத்துக்கணும். பிற்பாடு உடம்பு கெட்டா அது பணியால கெட்டதுன்னு வெச்சுக்கணும். ரெண்டு, நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கேட்கறவன் மேல கிடையாது. சந்தேகம் வந்தா அந்தச் சந்தேகத்தோட பலன் ஜவானுக்குப் போகணும்.

இதுல என்ன அதிசயம் இருக்கு? ஆள் எடுக்கற இடத்தைப் பார்த்தவங்களுக்கு இது சாதாரண நியாயம். 1.6 கிலோமீட்டர் ஓடணும். கம்பியில தொங்கி எழும்பணும். 9 அடிப் பள்ளம் தாண்டணும். அதுல தேறினவனைத்தான் உள்ளே விட்டு, துணியை அவிழ்க்கச் சொல்லி, பல்லு, காது, கண்ணு, மார்பு, முட்டின்னு ஒண்ணு விடாம பார்ப்பாங்க. முட்டி இடிச்சா போ. பாதம் தட்டையா இருந்தா போ. எங்க சந்தையில மாடு வாங்கறவன்கூட பல்லையும் குளம்பையும் பார்த்துட்டு விட்டுடுவான். இவங்க அதைவிட மேல. அப்படிப் பார்த்து, நீ சுத்தமான ஆளுன்னு முத்திரை குத்தி எடுத்துக்கிட்டவங்க, 17 வருஷம் கழிச்சு, உன் முதுகு உன் பரம்பரைக் கோளாறுன்னா என்ன அர்த்தம்? அன்னைக்குப் பார்த்த டாக்டர் பொய்யா, இன்னைக்குப் பார்க்கற டாக்டர் பொய்யா?

நான் கேட்கற இந்தக் கேள்வியைத்தான் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில தரம்வீர் சிங் வழக்குல கேட்டுச்சு. அவர் 1985-ல சிக்னல்ஸ் படைப்பிரிவுல சிப்பாயா சேர்ந்தவர். வலிப்பு நோய்னு சொல்லி 1994-ல அனுப்பிட்டாங்க. 20 சதவீதம்னு எழுதிட்டு, பணிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னும் எழுதிட்டாங்க. ஏன் சம்பந்தம் இல்லைன்னு ஒரு காரணமும் எழுதலை. காரணம் எழுதாத போர்டு முடிவு செல்லாது, சேரும்போது நோய் இருந்ததுக்குக் குறிப்பு இல்லைன்னா பணியில வந்ததாத்தான் கொள்ளணும்னு கோர்ட் சொல்லி பென்ஷனைக் கொடுக்கச் சொல்லுச்சு. 1994-ல வீட்டுக்கு அனுப்பினவருக்கு 2013-ல நியாயம். 19 வருஷம்.

அப்புறமாவது மாறிச்சா? 2015 பிப்ரவரியில ராஜ்பீர் சிங் வழக்கு. அதே கேள்வி, அதே பதில். 2025-ல டெல்லி உயர் நீதிமன்றம் சர்க்கரை நோய் வந்த ஒரு சுபேதார் வழக்குல, பீஸ் ஏரியாவுல ஆரம்பிச்சதுன்னு எழுதிட்டா மட்டும் அது காரணம் ஆகிடாது, பணி காரணம் இல்லைன்னா வேற எது காரணம்னு போர்டு எழுதணும்னு சொல்லியிருக்கு. 12 வருஷமா ஒரே பாடத்தை நடத்தறாங்க. பையன் பாஸாகவே மாட்டேங்கறான். படிக்கத் தெரியாத பையன் இல்லீங்க இவன். படிக்காம இருக்கறதுல அவனுக்கு லாபம் இருக்கு. அந்த லாபக் கணக்குக்குப் பின்னாடி வரேன்.

இப்ப தோள், முதுகு விஷயம். குண்டு பாய்ஞ்சா அதுக்கு தேதி உண்டு, இடம் உண்டு, சாட்சி உண்டு. தண்டுவடம் தேயறதுக்கு என்ன தேதி? முதுகுல பேக், கையில துப்பாக்கி, இடுப்புல தோட்டான்னு 20, 25 கிலோவைச் சுமந்துக்கிட்டு மலை ஏறினவனுக்கும், ஸ்பிரிங் செத்த சீட்டுல உட்கார்ந்து பள்ளத்துல லாரி ஓட்டினவனுக்கும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் முதுகு போகும். எந்த நாள்னு சொல்லச் சொன்னா எந்த நாளைச் சொல்லுவான்?

தோள் கழண்டா அது காயம். அதுக்கு காய அறிக்கைன்னு ஒரு தாள் போடணும். யூனிட்ல எழுதி, பெரியவர் கையெழுத்துப் போட்டு வைக்கணும். ஆனா நடப்பு என்ன? எம்.ஐ. ரூமுக்குப் போனா ரெண்டு மாத்திரை, மூணு நாள் லைட் டூட்டி. காய அறிக்கை கேட்டா, எதுக்குப்பா சின்ன விஷயத்துக்கு, பிரமோஷன் கேடர் வருதே, கேட்டகரி இறங்கிடுமேன்னு சொல்லுவாங்க. அவனும் பயந்து வாயை மூடிக்குவான். வலியை மறைக்கறவன்தான் நல்ல சிப்பாய்னு பாராட்டறாங்க. வெளிய வரும்போது, வலி இருந்ததுக்கு எங்கே தாள்னு கேட்கறாங்க. தாள் போட வேண்டியது யூனிட் வேலை. போடாத தாளுக்குத் தண்டனை ஜவானுக்கு. கொள்முதல் நிலையத்துல எடை மெஷின் ரிப்பேர்ன்னா விவசாயி தலையில மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிக்கற மாதிரியே இருக்கு.

அடுத்து அந்த சதவீதம். 15-லிருந்து 19-ங்கறது யாரோட உடம்புக்குப் போட்டது? ஏ.சி. ரூம்ல கம்ப்யூட்டர் தட்டறவனுக்கு தோள் 6 சதவீதம் போனா, அது 6 சதவீதமாவே இருக்கலாம். எங்க ஊர்ல கணக்கு வேற. மம்பட்டியைத் தலைக்கு மேல தூக்க முடியலைன்னா அவனால வரப்பு போட முடியாது. 16 லிட்டர் மருந்து டேங்க்கை முதுகுல மாட்ட முடியலைன்னா மருந்தடிக்க முடியாது. 40 கிலோ நெல் சிப்பத்தைத் தூக்க முடியலைன்னா, கூலி கொடுத்துத்தான் ஏத்தணும். சவுக்கு வெட்ட முடியாது. நாத்துக் கட்டு சுமக்க முடியாது. கிணத்து மோட்டாரை இறக்கி ஏத்த முடியாது. அந்தத் தோளும் முதுகும் போனா இங்கே 100-க்கு 70, 80 போன மாதிரி.

ஜவான் எந்த வயசுல வெளிய வரான்னு யோசிச்சுப் பாருங்க. 36, 37. உங்க ஆபீஸ்ல அந்த வயசுல மேனேஜர் ஆவாங்க. இவனுக்கு அந்த வயசுல சர்வீஸ் முடிஞ்சு போச்சு. பிள்ளைங்க அஞ்சாவது, ஆறாவது படிக்கும். இன்னும் 25 வருஷம் உழைச்சாகணும். படிப்பு பத்தாவதோ பன்னிரண்டாவதோ. நிலத்துக்கு வந்தா உடம்பு வேலை. இல்லைன்னா செக்யூரிட்டி. நீங்க சனி, ஞாயிறுல கிழக்கு கடற்கரைச் சாலையில ரிசார்ட்டுக்கு வர்றீங்களே, கேட்டைத் திறந்து விறைப்பா சல்யூட் அடிக்கறாரே ஒருத்தர், அவரோட இடது கையைப் பாருங்க. சில பேர் இடது கையால திறப்பாங்க. வலது தோள் வராது. 12 மணி நேரம் நிக்கணும், தேஞ்ச முதுகோட. மச்சானும் மூணு வருஷம் நின்னார். அப்புறம் முடியலை. இப்ப தங்கச்சிதான் நிலத்தைப் பார்க்குது. அவர் வாய்க்கால் ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மடை மாத்தச் சொல்லுவார்.

மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்துல கண்ணன் ஒத்தக் கையால கோவர்த்தன மலையைத் தூக்கிட்டு நிக்கறதைப் பார்த்திருப்பீங்க. அவரை இந்த போர்டு முன்னாடி நிறுத்தினா, தோள் வலி ஆயர்பாடியில ஆரம்பிச்சது, மலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு எழுதியிருப்பாங்க.

இனி மேல்முறையீடு. சட்டப்படி படி மூணு. போர்டு முடிவை ஒத்துக்காதவன் முதல் மேல்முறையீடு போடலாம். அது தள்ளுபடியானா ரெண்டாவது மேல்முறையீடு. அதுவும் போச்சுன்னா ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ல சட்டம் போட்டு, 2009-லிருந்து நடக்குது. சென்னையிலும் அதுக்கு ஒரு கிளை உண்டு. கேட்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. மலை உச்சியில கோயில் கட்டி, சாமி எல்லாருக்கும் பொதுன்னு சொன்ன மாதிரி. திருக்கழுக்குன்றத்துப் படியை முதுகு நல்லா இருக்கறவன் ஏறுவான். இங்கே முதுகு போனவனைத்தான் ஏறச் சொல்றாங்க.

மச்சான் முதல் மேல்முறையீடு போட்டார். ஒரு வருஷத்துக்கு மேல கழிச்சு பதில் வந்துச்சு. நாலே வரி. இங்கிலீஷ்ல. உங்கள் மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது, உங்கள் குறைபாடு பணியால ஏற்பட்டதல்ல, அதனால நிராகரிக்கப்படுகிறது. முதல் தாள்ல இருந்த அதே வரி. ரெண்டாவது மேல்முறையீடும் போட்டார். அதே வரி, வேற தேதி. அப்புறம் அந்தத் தாளெல்லாம் டிரங்க் பெட்டிக்குள்ள போயிடுச்சு. வக்கீலுக்குப் பணம் வேணும், சென்னைக்கு அலையணும், வேலையை விட்டுட்டுப் போகணும். பிள்ளைங்க படிப்பு முதல்ல. 2022-ல பையன் வேலைக்குப் போன பிறகுதான் பெட்டியைத் திறந்தோம். வழக்கு இன்னும் நடக்குது.

இப்ப லாபக் கணக்குக்கு வரேன். 2008-ல உச்ச நீதிமன்றம் தர்சேம் சிங் வழக்குல ஒரு தீர்ப்பு சொல்லுச்சு. அவரும் ராணுவத்துலிருந்து உடம்பு முடியாம 1983-ல அனுப்பப்பட்டவர், 1999-லதான் கோர்ட்டுக்குப் போனார். பென்ஷன் மாசா மாசம் வர வேண்டியது, அதனால லேட்டா வந்தாலும் வழக்கைக் கேட்கலாம், ஆனா பழைய பாக்கி, கோர்ட்டுக்கு வந்த நாளுக்கு முந்தின 3 வருஷத்துக்குத்தான்னு முடிவு. அதுக்கப்புறம் இந்த மாதிரி வழக்குகள்ல பெரும்பாலும் இதுதான் அளவுகோல்.

ஒரு உதாரணத்துக்கு, கடைசிச் சம்பளம் 30,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். 100 சதவீதக் குறைக்கு அதுல 30 சதவீதம், அதாவது மாசம் 9,000. 50 சதவீதத்துக்கு 4,500. 2008-ல வெளிய வந்தவன் 2022-ல வழக்குப் போட்டு ஜெயிச்சா, 14 வருஷத்துல 3 வருஷப் பாக்கிதான் கிடைக்கும். மிச்சம் 11 வருஷம், 132 மாசம். பெருக்கிப் பாருங்க. 5,94,000 ரூபாய். ஜெயிச்சவனுக்கே இவ்வளவு நஷ்டம். வழக்கே போடாதவனுக்கு? முழுசா நஷ்டம். அவனோட நஷ்டம் யாரோட மிச்சம்?

நான் சொல்ல வந்தது இதுதான். நிராகரிப்புக் கடிதத்துக்கு அரசாங்கத்துக்கு ஆகற செலவு ஒரு தபால் தலை. நூறு பேருக்கு அனுப்பினா, பாதிப் பேர் முதல் கடிதத்தோட படுத்துடுவான். மிச்சத்துல பாதி ரெண்டாவது கடிதத்தோட. மூணாவது படி ஏறறவன் பிடிவாதக்காரன், இல்லைன்னா கையில காசு இருக்கறவன், இல்லைன்னா வீட்டுல படிச்ச பொண்ணு இருக்கறவன். எண்ணிக்கை என் ஊகம்தான், ஆனா எங்க பக்கத்துல பெட்டியில தாள் வெச்சிருக்கற மிலிட்டரிக்காரர் வீடு எத்தனைன்னு எனக்குத் தெரியும். தகுதி யாருக்கு இருக்குன்னு இந்த மேல்முறையீட்டு வழி பார்க்கறதில்லை. யாருக்குத் தெம்பு இருக்குன்னுதான் பார்க்குது. தெம்பு இல்லைங்கறதுக்காகத்தானே அவன் பென்ஷன் கேட்கறான்?

அப்படியும் தீர்ப்பாயத்துல ஜெயிச்சா, அரசாங்கமே மேல்முறையீடு போடும். ராம் அவதார் வழக்குன்னு சொன்னேனே, அது ஒத்த ஆள் வழக்கு கிடையாது. அரசாங்கம் போட்ட நூற்றுக்கணக்கான மேல்முறையீடுகளை ஒரே கட்டா கட்டி அன்னைக்குத் தள்ளுபடி பண்ணினாங்க. 2015-ல அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பரிக்கர், வழக்குகளைக் குறைக்க ஒரு நிபுணர் குழு போட்டார். ஏற்கெனவே கோர்ட் முடிவு சொல்லிவிட்ட விஷயத்துல, ஊனமான படைவீரர்களுக்கு எதிரா போட்ட மேல்முறையீடுகளைக் கைவிடணும்னு அந்தக் குழுவே சொல்லுச்சு. அரசாங்கம் போட்ட குழு, அரசாங்கத்துக்கிட்ட சொன்ன புத்தி. அதுக்கு 10 வருஷம் கழிச்சு, 2025 ஏப்ரல்ல பிஜேந்தர் சிங்னு ஒரு சிப்பாய்க்கு உச்ச நீதிமன்றம் பென்ஷன் கொடுக்கச் சொன்னது. அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டது 1989-ல. 36 வருஷம். அன்னைக்குப் பிறந்த பிள்ளைக்கு இன்னைக்குப் பிள்ளை இருக்கும்.

எதிர்த்துப் பேசறவங்க சொல்றதையும் பார்த்துடுவோம்.

பொய் சொல்லி வாங்கறவங்க இருக்காங்கன்னு சொல்றாங்க. ரிட்டையர் ஆகப் போற நேரத்துல பெரிய பதவியில இருக்கறவங்க ரத்த அழுத்தம், சர்க்கரைன்னு எழுதி வாங்கிக்கறாங்கன்னு புகார் இருக்கு. இருக்கலாம். பிடிங்க. போர்டும் உங்களோடது, டாக்டரும் உங்களோடவர், எக்ஸ்ரேயும் உங்களோடது. அதுக்காக தோள் கழண்ட டிரைவரை ஏன் 36 வருஷம் ஓட விடணும்? போலி ரேஷன் கார்டு இருக்குன்னு ஊருக்கே அரிசியை நிறுத்துவாங்களா?

இன்னொண்ணு, எங்க ஊர்லயே சொல்றது. எனக்கும்தான் முதுகு வலிக்குது, 35 வருஷமா சேத்துல குனிஞ்ச முதுகு, எனக்கு யார் பென்ஷன் கொடுக்கறாங்க? நியாயமான ஆதங்கம். என் முதுகும் அப்படித்தான். ஆனா அரசாங்கம் எனக்கு எதையும் எழுதிக் கொடுக்கலை. என்னை அம்மணமா நிறுத்திப் பார்த்து, சுத்தமான உடம்புன்னு கையெழுத்துப் போட்டு எடுத்துக்கலை. எனக்கு வலிச்சா நான் அன்னைக்கு வரப்புல உட்காரலாம், அவனால உட்கார முடியாது. அவனுக்கு எழுதிக் கொடுத்ததை அவனுக்குக் கொடுக்கட்டும். விவசாயி முதுகுக்கு என்ன பண்றதுன்னு தனியா சண்டை போடுவோம், நானும் வரேன். அவனுக்கு இல்லைன்னு ஆக்கிட்டா எனக்கு ஒண்ணும் கிடைக்கப் போறதில்லை.

மூணாவது, பட்ஜெட். பணம் இல்லைன்னா பார்லிமென்ட்ல எழுந்து, இனிமே முதுகுக்குப் பணம் கிடையாதுன்னு சட்டம் போட்டுச் சொல்லட்டும். கேட்டுட்டு ஜனங்க முடிவு பண்ணுவாங்க. விதியில கொடுக்கறேன்னு எழுதிட்டு, தாள்ல மறுக்கறது கணக்குப் பிள்ளை வேலை.

2023 செப்டம்பர்ல புது விதி வந்திருக்கு. சர்வீஸை முழுசா முடிச்சு வர்றவனுக்கு டிசெபிலிட்டி பென்ஷன்ங்கற பேரே போய், குறைபாட்டு நிவாரணம்னு வேற பேர். தொகை குறையாதுன்னு சொல்றாங்க. உரிமையை நிவாரணம்னு பேர் மாத்தறவங்களை எனக்கு நல்லாத் தெரியும். வெள்ள நிவாரணம் வாங்கக் கியூவுல நின்னவன் நான். உரிமைன்னா கேட்கலாம். நிவாரணம்னா கும்பிட்டு வாங்கணும்.

இதுல அக்னிவீர் பசங்களையும் நினைச்சுப் பாருங்க. 2022-ல வந்த திட்டம். 4 வருஷம். நாலு பேர்ல ஒருத்தனுக்கு மேல உள்ளே தங்க முடியாது. பணியில ஊனம் ஆனா சதவீதத்தைப் பொறுத்து 44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம்னு ஒரு தடவை கருணைத் தொகை. மாசப் பென்ஷன் கிடையாது. அதுக்கும் பணியால வந்ததுன்னு போர்டு எழுதணும். 17 வருஷம் ஓட்டினவன் முதுகையே எங்களால இல்லைன்னவங்க, 4 வருஷத்துல வெளிய வர்ற பையன் தோளுக்கு என்ன எழுதுவாங்க? இப்ப எங்க ஏரிக்கரையில விடியக்காலையில ஓடிப் பழகற பசங்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கேள்விதான் வருது.

என்ன செய்யணும்? பெரிசா ஒண்ணும் கேட்கலை.

போர்டு காரணம் எழுதலைன்னா அந்த முடிவு செல்லாதுன்னு கோர்ட் சொல்லியாச்சு. அப்படின்னா அப்படிப்பட்ட பழைய தாள்களை அரசாங்கமே எடுத்துப் பார்த்துத் திருத்தணும். ஒவ்வொருத்தனும் படியேறி வந்துதான் கேட்கணும்னு என்ன அவசியம்? போர்டோட தப்புன்னு முடிவானா, பாக்கி வெளிய வந்த நாளிலிருந்து வரணும், 3 வருஷம்னு வெட்டக் கூடாது. கோர்ட் தீர்த்து வெச்ச விஷயத்துல மறுபடி மேல்முறையீடு போடறதை நிறுத்தணும். சதவீதம் போடும்போது அவன் வெளிய போய் என்ன வேலை செய்யப் போறான்னு ஒரு வரி கேட்கணும். நிராகரிப்புக் கடிதம் அவன் தாய்மொழியில வரணும். உயிரைக் கொடுன்னு கேட்கும்போது மொழி தடையா இல்லையே.

இதைப் படிக்கற உங்க வீட்டுலயோ தெருவுலயோ மிலிட்டரிக்காரர் இருந்தா, அவர்கிட்ட இதைச் சொல்லுங்க. வெளிய வரும்போது நடந்த மெடிக்கல் போர்டு தாள்களோட முழு நகல் கையில இருக்கணும். இல்லைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். எம்.ஐ. ரூம் சீட்டு, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாள், கேட்டகரி இறக்கின தாள் எதையும் தூக்கிப் போடக் கூடாது. கூட இருந்தவங்க இப்ப எங்கே இருக்காங்கன்னு விசாரிச்சு சாட்சிக் கடிதம் வாங்கி வைக்கணும். பணியால வந்ததா இல்லையாங்கறது ஒரு சண்டை, சதவீதம் எவ்வளவுங்கறது இன்னொரு சண்டை. மனுவுல ரெண்டையும் தனித்தனியா எழுதணும். தீர்ப்பாயம் நினைச்சா மறுபடி மெடிக்கல் போர்டு வைக்கச் சொல்லலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல கேட்கலாம். 2025 ஜூலையில தேசிய சட்டப் பணிகள் ஆணையம் படைவீரர் குடும்பங்களுக்குன்னு வீர் பரிவார் சகாயதா யோஜனாங்கற சட்ட உதவித் திட்டம் ஆரம்பிச்சிருக்கு, அதையும் விசாரிக்கச் சொல்லுங்க. முக்கியமா, முதல் கடிதம் வந்ததும் படுத்துடக் கூடாது. அந்தக் கடிதம் அவர் படுக்கறதுக்காகவே எழுதினது. ஒவ்வொரு வருஷமும் அவர் பாக்கியிலதான் கழியுது.

நகரத்து நண்பர்களே, ஜனவரி 26-க்கு மூவர்ணக் கொடியை போன்ல வெச்சுக்கறீங்க. வேண்டாம்னு சொல்லலை. தியேட்டர்ல எழுந்து நிக்கறீங்க. நல்லது. அதோட, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும், கம்ப்யூட்டர் தெரியும், எம்.பி.க்கு மெயில் அனுப்பத் தெரியும், தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருப்பார். உங்க அப்பார்ட்மென்ட் கேட்டுல நிக்கற செக்யூரிட்டிகிட்ட ஒரு நாள், எந்த ரெஜிமெண்ட்ண்ணே, பென்ஷன் சரியா வருதா, போர்டு தாள் வெச்சிருக்கீங்களான்னு கேளுங்க. தாளை வாங்கிப் படிச்சுப் பாருங்க. 15-லிருந்து 19-னு எழுதியிருந்தா, அவரை உட்கார வெச்சு ஒரு மனு எழுதிக் கொடுங்க.

வழக்கு என்ன ஆச்சுன்னு முடிஞ்சதும் எழுதறேன். அடுத்த வாரம் நவரைப் பட்டத்துக்கு ஏரியில எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு பார்ப்போம்.